நம்ம பக்கத்தைப் பற்றி இணையத்தில் கண்ட அதிசயங்கள்: பார்த்ததும் சோதித்ததும்

பொருநைக்கரை

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தைப் பற்றி இணையத்தில் எதையாவது பார்த்துவிட்டு 'அட, நம்ம ஊர்லயா!' என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அதை இங்கே எழுதுங்கள். சுட்டியை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், அது மெய்தானா, வீட்டில் இருக்கிற சாமானை வைத்து எப்படிப் பார்க்கலாம், எந்த இடத்தில் ஏமாறுவோம் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்தவருக்கு உதவும். அல்வாவுக்குத் தனி இழை இருக்கிறது.

அலைவரிசை

வெளிநாட்டு ரேடியோ ஆர்வலர்கள் போடுற ஸ்பெக்ட்ரோகிராம் படங்களை, அதாவது எந்த அலைவரிசைல எவ்வளவு பலம் இருக்குன்னு காட்டுற படங்களைக் கவனிச்சா, 18.2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு கோடு நிக்கும். அதுக்கு நேரா 'விடிஎக்ஸ், இந்தியா'ன்னு எழுதியிருப்பாங்க. அந்த விடிஎக்ஸ் வேற எங்கயும் இல்ல, நம்ம விஜயநாராயணம். கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம், 1990-ல தொடங்கினது. இவ்வளவு தாழ்ந்த அலைவரிசைதான் கடல்தண்ணிக்குள்ள பத்து, இருபது மீட்டர் இறங்கும், அதனால நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப இதை வச்சிருக்காங்க. செய்தி முழுக்கச் சங்கேதம். அதை உடைக்கிற பேச்சே வேண்டாம். கோடு தெரியுதான்னு பாக்கிறது மட்டும்தான் நம்ம வேலை.

அதைப் பாக்க ரேடியோவே வேண்டாங்கிறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மடிக்கணினியோட மைக் துளை போதும். அதுக்குள்ள இருக்கிற சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 தடவை அளவெடுக்கும். அதுல பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிச்சிடும். 18.2 அதுக்குள்ள அடங்கிருது.

ஆன்டெனாவுக்கு 60 செ.மீ. சதுரத்துல மரச்சட்டம் ஒண்ணு செஞ்சுக்கிடுங்க. பிவிசி பைப்பும் சரிதான், இரும்பு மட்டும் கூடாது. அதுமேல 26 கேஜ் எனாமல் செம்புக் கம்பி 40 சுத்து. ஒரு சுத்துக்கு 2.4 மீட்டர், ஆக 96 மீட்டர், முனைக்கும் சேத்து 100 மீட்டர் வேணும். மோட்டார் வைண்டிங் கடையில எடைக்குத்தான் தருவாங்க. 150 கிராமுக்குக் கொஞ்சம் மேல கேட்டா சரியா வரும். ரெண்டு முனையிலயும் எனாமலைப் பிளேடால சுரண்டி, செம்பு பளிச்சுனு தெரிஞ்ச பெறகு ஈயம் வைங்க. பலருக்குக் கோடு வராததுக்கு இந்த ஒரு வேலையை அரைகுறையா விட்டதுதான் காரணம். மைக் துளையில இருந்து மைக்குக்காக ரெண்டு, மூணு வோல்ட் வெளிய வரும். அது சுருளுக்குள்ள ஓடாம இருக்க 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணைத் தொடர்ல போட்டுருங்க.

மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும். ஒரு நிமிஷம் பதிவு செஞ்சு, அலைக்காட்சியை ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாத்துங்க. உச்ச அளவு 8,000-ல நின்னா 24,000-க்கு ஏத்துங்க, இல்லன்னா படத்துல பாதி தெரியாது. கணினி அமைப்புல சத்தத்தைச் சீராக்குற வசதி எதெல்லாம் இருக்கோ அத்தனையும் அணைச்சிருங்க. இரைச்சல்னு நினைச்சு இந்தக் கோட்டையே அது வழிச்சுப் போட்டுரும். கோடு மெலிசா ஊசி மாதிரி நிக்கணும்னு தேடாதீங்க, செய்தி ஓடிக்கிட்டே இருக்கிறதால ஒரு 200, 300 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பட்டையாத்தான் தெரியும்.

வீட்டு இரைச்சல் பெரிய தொந்தரவு. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாமே இந்த அலைவரிசைலதான் கத்தும். மடிக்கணினியை பேட்டரில ஓட்டி, சட்டத்தை மொட்டை மாடில வச்சு, கணினியை விட்டு 5 மீட்டராவது தள்ளி வைங்க. இழுக்கிற வயர் ஷீல்டு போட்டதா இருக்கட்டும். உண்மையான கோடுதானான்னு பாக்க ஒரு வழி இருக்கு. சட்டத்தை மெதுவா ஒரு வட்டம் திருப்புங்க. நிலையத்தைப் பாத்து விளிம்பு இருக்கும்போது கோடு பலமாவும், முகம் இருக்கும்போது மங்கலாவும் வரணும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவுல நின்னா அது உங்க வீட்டு இரைச்சல்தான்.

சாரல்பிரியை

அண்ணாச்சி, சட்டம், கம்பியெல்லாம் நீங்க சொன்னபடி வச்சு, அதை செல்போன்ல மாட்டி, வாய்ஸ் ரெக்கார்டர்ல எடுத்து வாட்ஸப்ல அனுப்பினா உங்களால பாத்துச் சொல்ல முடியுமா? இன்னொண்ணு, சூரிய வெடிப்பை வீட்டுல இருந்தே பிடிக்கலாம்னு ஒரு வீடியோ பாத்தேன், அதுவும் இதே சட்டம்தானா?

அலைவரிசை

வாட்ஸப் வேண்டாம் தங்கச்சி. பேச்சுக் குரலுக்குத் தேவையானதை மட்டும் வச்சுக்கிட்டு மேல உள்ளதை வெட்டிருவான், 18 கிலோஹெர்ட்ஸ் அதுல வரவே வராது. பல வாய்ஸ் ரெக்கார்டரும் நொடிக்கு 16,000 தடவைதான் அளவெடுக்கும், அதுல 8 கிலோஹெர்ட்ஸோட சரி. 48,000-ல வேவ் கோப்பா எடுக்கிற செயலி வச்சு, மின்னஞ்சல்ல அப்படியே இணைச்சு அனுப்புங்க.

சூரிய வெடிப்புக்கும் இதே சட்டம்தான். ஆனா அந்த வீடியோல சொல்லாத ஒரு விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். வெடிப்புல வர்ற எக்ஸ் கதிர், வானத்துல 60, 70 கிலோமீட்டர் உயரத்துல மின்னூட்ட அடுக்கைத் தடிக்க வைக்கும். தூரத்துல இருந்து அதுல பட்டு வர்ற அலையோட பலம் அப்போ சட்டுனு மாறும். விஜயநாராயணம் நமக்கு 40 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அலை தரையோட தரையா நேரா வந்துரும், வானத்துல நடக்கிறது அதுல சரியா தெரியாது. கொல்கத்தாவுல ஆய்வு செய்றவங்களுக்கு 18.2 ரொம்பப் பிரயோஜனம், நமக்கு அது கிடையாது. நமக்கு ஏத்தது 19.8 கிலோஹெர்ட்ஸ். ஆஸ்திரேலியாவோட வடமேற்கு முனைல இருந்து வர்ற பலமான நிலையம், இந்தியா பூரா கேக்கும்.

பக்கத்து நிலையம் அதை அமுக்காம இருக்கணும்ல. திருநெல்வேலி டவுன்ல இருந்து பாத்தா விஜயநாராயணம் ஏறக்குறைய நேர் தெற்கு. அதனால சட்டத்தோட விளிம்பைக் கிழக்கு மேற்கா வச்சா அது மங்கிரும். ஆஸ்திரேலிய நிலையம் தென்கிழக்குல, கிழக்கு திசைல இருந்து ஏறக்குறைய 40 பாகை சரிஞ்சு இருக்கு. அந்தக் கோணத்துக்கும் முக்காலுக்கு மேல பலம் கிடைச்சிரும்.

பகல்ல மட்டும்தான் இது நடக்கும். ஒரு சில நிமிஷத்துல சரேல்னு மாறி, அரைமணி, ஒரு மணி நேரத்துல மெதுவா பழைய இடத்துக்கு வந்தா வெடிப்பு. சட்டுனு மாறி சட்டுனு திரும்பினா பக்கத்து வீட்டு மோட்டார். அமெரிக்காவோட நோவா அமைப்பு போடுற செயற்கைக்கோள் எக்ஸ் கதிர் வரைபடத்தோட ஒத்துப் பாருங்க. அதுல உலக நேரம் போட்டிருக்கும், 5.30 மணி கூட்டிக்கிடணும். வெடிப்போட பலத்தை அதுல எழுத்தால வகைப்படுத்தியிருப்பாங்க. சி வகைல சின்னதெல்லாம் தெரியாமப் போகலாம், அதைவிடப் பெரிய எம் வகையும் அதுக்கு மேலயும்னா தெளிவா வரும்.

திசைமானி

அலைவரிசை அண்ணாச்சி வானத்தைத் தொட்டுவிட்டதால் நானும் அதையே தொடர்கிறேன். சிற்பத்துக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கிற கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது, நாம் அதன் அருகிலேயே இருக்கிறோம். அதனால்தான் ஆய்வகத்தை இங்கே வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலியின் காந்த அளவீட்டு வரைபடத்தை இணையத்தில் முதலில் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது அதில் தினமும் வருகிற மேடு. காலையில் ஏற ஆரம்பித்து, உச்சிப்பொழுதை ஒட்டி முகடு தொட்டு, சாயங்காலம் இறங்கிவிடும். ஏறக்குறைய 105 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு நேர்மேலே, பகல் முழுக்கக் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அந்த மேடு அதன் அடையாளம். 2010 ஜனவரி 15 வளையக் கிரகணத்தன்று அந்த ஓட்டம் திசையே திரும்பியது தென்முனை நிலையங்களில் பதிவாகியிருக்கிறது.

இதை வைத்து ஒரு வீடியோ சுற்றுகிறது: மத்தியானம் செல்போன் காந்தமானி செயலியைத் திறந்தால் இந்த எழுச்சி தெரியுமாம். தெரியாது. நம் ஊரில் மொத்தக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. உச்சிப்பொழுது மேடு பெரும்பாலான நாட்களில் 0.1 மைக்ரோடெஸ்லாவுக்குள் அடங்கிவிடும். செல்போன் உணரியை மேசையில் அசையாமல் வைத்தாலே அதைவிடப் பல மடங்கு துள்ளும்.

ஆனால் அதே செயலியில் வேறொன்றைப் பார்க்கலாம், அது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது. இங்கே காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்குக் கிடையாக ஓடுகிறது. ஐரோப்பாவில் அது தரைக்குள் மிகவும் சரிவாகப் பாயும். போனை மட்டமாக வைத்து, இசட் என்று காட்டுகிற எண்ணை எடுங்கள். முதலில் உறையைக் கழற்றுங்கள், மூடியில் காந்தம் இருக்கும். லைசென்ஸுக்குப் போடுவதுபோல் காற்றில் போனால் நாலைந்து தரம் எட்டுப் போட்டு உணரியைச் சீர்செய்யுங்கள். இரும்புக் கட்டிலும் வேண்டாம், கம்பி ஓடுகிற கான்கிரீட் தளமும் வேண்டாம், மண் தரையில் ஒரு மர ஸ்டூல் உத்தமம். திரை மேலே இருக்க ஒரு அளவு, அதே இடத்தில் திரை கீழே இருக்க ஒரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால் உணரியின் சொந்தப் பிழை போய்விடும். மிஞ்சுவது ஒன்றிரண்டு மைக்ரோடெஸ்லாதான் இருக்கும். பத்துக்கு மேல் வந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள்.

சுரத்தூண்

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண் வீடியோக்களைப் பற்றி. ஒரே கல்லில் நடுவே பெருந்தூணும் சுற்றிலும் மெல்லிய தூண்களுமாகச் செதுக்கிய அந்த வேலையைப் பார்த்து உலகமே வியக்கிறது, வியக்க வேண்டியதுதான். ஆனால் 'உள்ளே பொள்ளலாக இருப்பதால்தான் ஒலிக்கிறது' என்று சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். இரண்டு முனையும் கல்லோடு பிணைந்த மெல்லிய தண்டு கெட்டியாக இருந்தாலே ஒலிக்கும். சுருதியைத் தீர்மானிப்பவை கல்லின் தரம், தண்டின் தடிமன், நீளம். தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை சுரஸ்தானம் ஏறும். நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூன்றரை சுரஸ்தானத்துக்கு மேல் ஏறிவிடும், ஏனென்றால் நீளம் இருமடிக் கணக்கில் வருகிறது. உளி கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் சுரம் போய்விடும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து நினைத்தால்தான் அந்தச் சிற்பியின் கை புரியும்.

வீடியோவில் வருகிற ஒலி மெய்யானதா, பின்னால் சேர்த்ததா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒலியை மட்டும் பிரித்து ஆடாசிட்டியில் போடுங்கள். ஒரு தட்டலின் ஒலியை மட்டும் தேர்ந்து, அலைமாலை வரைபடத்தில் அளவு 16,384 வையுங்கள். நொடிக்கு 44,100 தடவை அளவெடுத்த பதிவில் அது 2.7 ஹெர்ட்ஸ் வரை துல்லியம் தரும். தம்பூராவோ கீபோர்டோ என்றால் முகடுகள் அடிச்சுருதிக்குச் சரியாக 2, 3, 4 மடங்கில் நிற்கும். இரு முனையும் பிணைந்த தண்டு அப்படி ஒலிக்காது. அதன் அடுத்த முகடு சுமார் 2.76 மடங்கிலும், அதற்கடுத்தது 5.4 மடங்கிலும் வரவேண்டும். கல் சீராக இல்லாததால் இந்த எண்கள் கொஞ்சம் நகரும், ஆனால் முழு மடங்கில் வரிசையாக வந்து நிற்காது. தட்டின கை எடுத்த பிறகும் ஒலி நீண்டு கார்வை பிடித்தால் அதுவும் சேர்த்த ஒலிதான். கல் சீக்கிரம் அடங்கிவிடும்.

தயவுசெய்து சோதிப்பதற்காக யாரும் போய்த் தட்ட வேண்டாம். நாணயமும் சாவியும் பட்டுப் பட்டுத்தான் இப்படிப்பட்ட தூண்களின் விளிம்புகள் சில்லு சில்லாகப் பெயர்கின்றன, பெயர்ந்த தண்டின் சுரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏற்கெனவே இருக்கிற பதிவுகளே ஆராயப் போதும்.

தேரிக்காட்டான்

குதிரைமொழித் தேரியை, அதான் நம்ம செம்மணல் காட்டை, செவ்வாய்க் கிரகம்னு போட்டு ஒரு படம் வருது. படத்துல நிறத்தைக் கூட்டித்தான் வச்சிருக்கான், ஆனா நேருல பாத்தாலும் செக்கச்செவேல்னுதான் இருக்கும். மணல் உள்ளுக்குள்ள வெள்ளைக் குவார்ட்ஸ்தான். மேல இரும்பு ஆக்சைடு மெலிசாப் படிஞ்சு ஒட்டியிருக்கு. அரை தம்ளர் மணலைத் தண்ணில போட்டுக் குலுக்குனா தண்ணி கலங்கும், மணலோட நெறம் போகாது.

அமிலம் ஊத்தி மணலை வெள்ளையாக்குற வீடியோ நெசம்தான். இரும்பு கரைஞ்சு தண்ணி மஞ்சளாகும். கடற்கரை மணல்ல ஊத்தினா சிப்பித்தூள் இருக்கிறதால நுரைச்சுக்கிட்டு வரும், தேரி மணல்ல நுரை இருக்காது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். பள்ளிக்கூட ஆய்வகத்துல, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல, ஆசிரியரை வச்சுக்கிட்டு மட்டும் செய்யணும். வீட்டு பாத்ரூம் கழுவுற ஆசிட்டை எடுத்துச் செய்றவங்க அதே வாளில பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தா என்ன ஆகும்னு யோசிக்கிறதில்ல. குளோரின் வாயு கெளம்பும், நெஞ்சைப் பிடிச்சிரும்.

மணல்ல இருந்து கருப்பு மணி தனியா பிரியுற வீடியோவும் வருது. காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மணல்ல உழுங்க. பை இல்லாம விட்டா காந்தத்துல ஒட்டினது திரும்ப வராது. மேக்னடைட் சுலபமா ஒட்டும், இல்மனைட்டுக்குச் சாதாரண காந்தம் பத்தாது. ஒட்டலங்கிறதுக்காக அங்க கனிமம் இல்லன்னு முடிவு கட்டக்கூடாது.

கூகுள் எர்த்துல பழைய வருஷப் படங்களை ஒண்ணொண்ணா நகத்திப் பாக்கிறவங்க, ஒரே மாசத்துப் படங்களா எடுத்துக்கிடுங்க. மழைக்குப் பெறகு எடுத்ததையும் ஆடிக்காத்துல எடுத்ததையும் ஒப்பிட்டு 'தேரி சுருங்குது'ன்னு எழுதுறது தப்பு. புல்லு மொளைச்சா செவப்பு மறையும், அவ்வளவுதான்.

தலையணைக்கால்

டிசம்பர் பிறந்தால் பழைய வெள்ள வீடியோ எல்லாம் புதிதாக வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின் காட்சிகள் இன்னும் பல வருஷம் சுற்றும். அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர் என்று கணக்குப் போட்டால் அதன் கனம் தெரியும். அந்தக் காட்சியை இந்த வருஷத்துக் காட்சி என்று நம்பி ஒரு ஊரே மேட்டுக்கு ஓடினால் கஷ்டம் யாருக்கு? அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

வீடியோவின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் திரையைப் படம் பிடியுங்கள். மேலே ஒட்டியிருக்கிற எழுத்து, சேனல் முத்திரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கூகுள் லென்ஸில் தேடுங்கள். வெட்டாமல் போட்டால் அந்த எழுத்தைத்தான் தேடித் தரும், காட்சியைத் தேடாது. அடுத்து வண்டி எண். டிஎன் 72 நெல்லை, 69 தூத்துக்குடி, 76 தென்காசி. எல்லா வண்டியிலும் வேற்றூர் எண்ணாக வந்தால் சந்தேகப்படுங்கள். கடைப் பலகையில் 'தென்காசி மாவட்டம்' என்று இருந்தால் அது 2019 நவம்பருக்குப் பிந்தைய காட்சி. காட்சியை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் ஒருமுறை கேளுங்கள். பேசுகிறவர் சொல்வதும் படத்தில் நடப்பதும் ஒரு தடவைகூடச் சேரவில்லை என்றால், குரல் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது.

குற்றாலத்துக்குப் பேரருவி வளைவைப் பாருங்கள், தண்ணீர் அதை மூடிக் கொட்டுகிறதா என்பதுதான் கணக்கு. சாரல் காலத்துத் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஐப்பசி, கார்த்திகைக் காட்டு வெள்ளம் மண் நிறத்தில் கட்டையும் கல்லுமாக வரும். ஜூலை என்று தலைப்புப் போட்டுச் செம்மண் வெள்ளம் ஓடினால் நின்று யோசியுங்கள். நெல்லைக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் பெருவெள்ளம் வந்தால் கோயிலுக்குள் தண்ணீர் புகுவது வழக்கம். கோயில் நனைந்தது என்பதை மட்டும் வைத்து ஊர் முழுகிவிட்டதாக எண்ண வேண்டாம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

அணைக் கணக்கில்தான் நிறையப் பேர் பதறுகிறார்கள். முழு மட்டம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாற்றுக்கு 156, மணிமுத்தாற்றுக்கு 118. மட்டம் 140 அடி என்று படித்துவிட்டு வெள்ளம் என்று சொல்லக்கூடாது. ஆற்றில் என்ன வரும் என்பதைச் சொல்வது வெளியேற்றம். அது கன அடியில் இருக்கும், ஒரு கன அடி நொடிக்கு 28.3 லிட்டர். 10,000 கன அடி என்றால் நொடிக்கு 283 கன மீட்டர். அணையே திறக்காத நாளிலும் கடனாநதியும் சிற்றாறும் காட்டு ஓடைகளும் வழியில் சேர்ந்து ஆற்றைப் பெருக்கிவிடும். அணை மூடியிருக்கிறது, பயமில்லை என்று அனுப்புவதும் அதே அளவு ஆபத்து.

சாரல்பிரியை

அண்ணாச்சி, சேர்வலாறு ஒரே ராத்திரியில 20 அடி ஏறிட்டுதுன்னு வந்தா அது பொய்யின்னு எடுத்துக்கிடலாமா?

தலையணைக்கால்

எடுத்துக்கிடக் கூடாதும்மா. சேர்வலாறு சின்ன அணை, பெருமழையில் மட்டம் வேகமாக ஏறும். சேர்வலாற்றையும் பாபநாசத்தையும் சுரங்க வழி இணைக்கிறது, அதனால் ஒன்றை மட்டும் தனியாக வைத்து முடிவுக்கு வர முடியாது. இரண்டு மட்டத்தையும் சேர்த்து, அன்றைய நீர்வரத்து, வெளியேற்றம் நாலையும் ஒரே நேரத்து அறிக்கையிலிருந்து எடுங்கள். காலை 6 மணி மட்டத்தையும் மாலை வெளியேற்றத்தையும் கலந்து போட்ட பதிவாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மழை அளவும் அப்படித்தான். காலை 8.30 வரையுள்ள 24 மணி நேரம்தான் அதிகாரப்பூர்வக் கணக்கு. 'நேற்று பெய்தது' என்று வருவதில் பாதி முந்தாநாள் பெய்ததாக இருக்கும்.